வெள்ளவத்தைப் பாறைக்குப் பன்னிரண்டு பேர்

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஏ.எல். சோதனை எழுதுகிற பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூஷன் எடுக்கிறவள் நான். கடல் முள்ளெலியைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்து, பாகம் குறித்து, "சோதனைக்கு வரும், எழுதுங்கோ" என்று கத்தியிருக்கிறேன். உயிரோடு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறென்ன? எங்கள் பக்கத்தில் கடல் பார்ப்பதென்றால் மதிலுக்கு மேலால் தெரிகிற கிரேன்களைப் பார்ப்பதுதான்.

அதனால் வெள்ளவத்தையில் பல்கலைக்கழகமும் ஊர்ச்சனமும் சேர்ந்து நடத்துகிற கரையோரக் கணக்கெடுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன். போன ஞாயிறு, மாசிப் பறுவத்துக்கு, அதுதான் பௌர்ணமிக்கு, அடுத்த நாள், போய் வந்தேன். நீங்களும் போக நினைத்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேர்ச்சில் ஞாயிறு பூசையைச் சனி பின்னேரமே கண்டு முடித்துவிட்டு, விடியக் கிளம்பினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு மூன்று கிலோமீற்றர்தான். ஆனால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, திரும்ப ஏற்ற அரை மணித்தியாலம் போய்விடும். அன்றைக்கும் போனது. கோட்டையிலிருந்து கரையோர ரயில், டிக்கெட் பத்து ரூபாய். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டினால் கடல் உங்கள் மடியில்தான். த்ரீவீலரில் போனால் இருநூற்றைம்பது கேட்பான், கடலையும் காட்ட மாட்டான்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தோடு பத்து நிமிஷம் நடந்தால், வாய்க்கால் கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் இப்பால் ஒரு பாறைத் திட்டு வரும். கடல் வற்றும்போது அது வெளியே தெரியும். குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். பல்கலைக்கழகப் பிள்ளைகள் பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு சதுரத்தைப் பாறையில் வைத்து, அதற்குள் என்னென்ன உயிர் இருக்கிறதென்று எண்ணுவார்கள். பக்கத்து லேன்களில் இருக்கிற சனம் சாக்கோடு குப்பை பொறுக்கும். வாய்க்கால் கொண்டுவருகிற குப்பை எவ்வளவு, பாறையில் எது குறைகிறது என்று மாதாமாதம் குறித்து வைத்தால்தான் நாளைக்கு மேலிடத்தில் போய்ச் சண்டை பிடிக்கலாம் என்று விரிவுரையாளர் நிலந்தி மிஸ் சொன்னார். சிங்கள மனிசி. தமிழ் விளங்கும், கதைக்கத்தான் கூச்சம்.

இந்தக் கூட்டு சுகமாக அமைந்ததென்று நினைத்துவிடாதீர்கள். முதல் கூட்டத்திலேயே முறுகல். யாழ்ப்பாணச் சனத்துக்குச் செத்தவரின் சாம்பலை ஊரில் கீரிமலைக் கடலில் கரைப்பதுதான் வழக்கம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடினதிலிருந்து அதெல்லாம் வெள்ளவத்தைக் கடலில்தான். சாம்பல் கொண்டுவருகிற மண் முட்டி, அதைச் சுற்றின வெள்ளைத்துணி, நூலில் கோத்த மாலை, ஷொப்பிங் பை எல்லாம் பாறைக் குழிகளில் போய் அடைந்துவிடுகிறது. பிள்ளைகள் படம் எடுத்துக் காட்டி, தடை போர்டு ஒன்று நடுவோமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் எழும்பி, "கீரிமலைக்குப் பாதையைத் திறந்து விடுங்கோ. நாங்கள் ஏன் இஞ்சை வாறம்?" என்று கேட்டாராம்.

முட்டியை நீங்களே திருப்பிக் கொண்டு வரலாமே என்று நிலந்தி மிஸ் கேட்டாராம். முடியாது என்றாராம், கிரியை செய்து வைக்கிற ஐயர். தண்ணீரில் விட்டவர் திரும்பிப் பார்க்கவே கூடாது, பிறகெப்படித் தொடுவது? மிஸ், "அப்ப பின்னால நிக்கிற நாங்க எடுக்கலாமா?" என்று தன் உடைந்த தமிழில் கேட்டாராம். ஐயர், "தாராளமாய் எடுங்கோ" என்றாராம். அன்றோடு போர்டுக் கதை முடிந்தது. துணியும் மாலையும் கரையிலேயே கழற்றி வைப்பது, சாம்பலும் முட்டியும் மட்டும் கடலுக்கு, கணக்கெடுக்கிற ஆட்கள் பின்னால் நின்று முட்டியை எடுப்பது என்று ஒழுங்கு. இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எத்தனை கமிட்டி, எத்தனை மாநாடு நடக்கிற நாடு இது!

ஆனால் போன மாதம் பாதுகாப்புக் காரணம் சொல்லி அந்தக் கரையை மூடிவிட்டார்கள். நிலந்தி மிஸ் படாத பாடுபட்டு, மாதத்தில் ஒரு காலை, பன்னிரண்டு பேர் மட்டும் என்று அனுமதி எடுத்திருந்தார். ஒரு பிசகு வந்தால் அதுவும் போய்விடும். அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி. என் வேலை அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடிப்பது.

இறங்குகிற இடத்தில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர் எங்கள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சாந்தி அக்கா வந்தார். நான் அதற்கு முன் கண்டதில்லை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் துணி சுற்றிய முட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த லொட்ஜ் அறையில் தகப்பன் செத்து, அன்றைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. தம்பி கனடாவில், வர வழியில்லை. மகளே செய்யட்டும், காலம் இப்படி என்று ஐயரும் ஒத்துக்கொண்டு, கிரியையை முடித்து அனுப்பியிருக்கிறார். பம்பலப்பிட்டிப் பக்கம் போய்ப் பார்த்தாராம், விடவில்லை. இங்கேயும் ஆமிக்காரர் தலையாட்டினார், இல்லை என்று.

"கிரியை முடிஞ்ச சாம்பலைத் திருப்பி அறைக்குக் கொண்டுபோக ஏலாது, பிள்ளை," என்று என்னிடம் சொன்னார். "பத்து மணிக்கு லொட்ஜ்காரர் துடக்குக் கழிக்க அறையையும் கழுவப் போறார். நான் இவரை எங்கை கொண்டு போறது?"

அழவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மாணவி ஒருத்தி, கயானி என்று பெயர், "எங்கட ஆள் எண்டு கூட்டிக்கொண்டு போவமா?" என்று குசுகுசுத்தாள். நிலந்தி மிஸ் கண்ணை உருட்டினார். பொய் சொல்லி மாட்டினால் அனுமதியும் போகும், யாழ்ப்பாண விலாசம் போட்ட அட்டையோடு அந்த மனிசியின் கதி என்னவாகும்? மிஸ் நேராக ஆமிக்காரரிடம் போனார். சிங்களத்தில் முழுக்கதையையும் சொன்னார், முட்டியை நாங்கள் எடுக்கிற ஒழுங்கு உட்பட. அவர் துணியை அவிழ்க்கச் சொன்னார். சாந்தி அக்கா முட்டியைத் தரையில் வைக்காமல் நெஞ்சோடு பிடித்தபடி அவிழ்த்துக் காட்டினார். எட்டிப் பார்த்தவர், அப்பாவா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினார் அக்கா.

"எனக்குப் பன்னிரண்டு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், மிஸ்," என்றார் ஆமிக்காரர். "யார் யார் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் போக வேண்டும், பன்னிரண்டு பேர் வர வேண்டும்."

அக்கா போக வேண்டுமென்றால் எங்களில் ஒருவர் நிற்க வேண்டும். எண்ணுகிறவர்கள் எண்ண வேண்டும், பொறுக்குகிறவர்கள் பொறுக்க வேண்டும். நாடாவின் நுனியை ஒரு கல்லுக்குக் கீழேயும் வைக்கலாம். அது எனக்கே தெரிந்தது, அதனால்தான் பற்றிக்கொண்டு வந்தது. விடிய எழும்பி, பஸ்ஸில் இறங்கி ஏறி, கடைசியில் நானா? இந்த மாதம் விட்டால் கடல் இவ்வளவு வற்றுவது எப்போதோ, கரை திறந்திருப்பது எப்போதோ!

"நான் நிற்கிறேன் மிஸ்," என்றேன். கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் சொல்லியிருப்பேன்.

தண்டவாளக் கல்லில் குந்தினேன். ஆமிக்காரர் ஒவ்வொரு தலையாக எண்ணி விட்டார். சாந்தி அக்கா கயானியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்று, கரையைப் பார்த்துத் திரும்பி, முட்டியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் விட்டார். விட்டவர் அப்படியே நடக்கத் தொடங்கினார்.

முட்டி மிதக்கவில்லை. அலை அதைத் தூக்கி ஒரு குழிக்குள் சரித்துவிட்டது. பாதிச் சாம்பல் உள்ளேயே கிடந்தது. ஐயோ என்று எழும்பிவிட்டேன். அக்காவோ நேராக என்னைப் பார்த்தபடி வந்துகொண்டிருக்கிறார். என் முகத்தில் எதுவும் தெரியக் கூடாதே என்று பல்லைக் கடித்தேன். அவருக்குப் பின்னால் கயானி குனிந்தாள். முட்டியை எடுத்து, ஆழமான பக்கமாய்க் கொண்டுபோய், மெதுவாகக் கவிழ்த்தாள். தண்ணீர் அள்ளி விட்டுக் கழுவினாள், ஊற்றினாள். திரும்பவும் கழுவினாள். கடைசி வெள்ளைத் தண்ணீரும் போகும்வரை அப்படியே நின்றாள். அப்படிச் செய்யச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு முட்டியைக் குப்பைச் சாக்கில் போடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

சாந்தி அக்கா மேலே ஏறி என் கையைப் பிடித்தார்.

"போயிட்டாரோ, பிள்ளை?"

"ஓம் அக்கா. முழுக்கப் போயிட்டார்."

அப்போதுதான் அழுதார். நானும்தான். கீழே பிள்ளைகள் சதுரத்தை வைத்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் திரும்பி வர வேண்டும் என்பதால் அக்கா எல்லோரும் முடித்து ஏறும்வரை ஆமிக்காரருக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டியபடி, வெயிலில் இருந்தார். தண்ணீர் போத்தலை நீட்டினவரும் அந்த ஆமிக்காரர்தான்.

கடல் முள்ளெலி? நான் காணவில்லை. ஏழு கண்டதாகக் கயானி சொன்னாள், வயிற்றெரிச்சல்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அடையாள அட்டையோடு பொலிஸ் பதிவுத் துண்டையும் கொண்டுபோங்கள். கெமராவை வீட்டில் வையுங்கள். பாட்டா ரப்பர் செருப்பு பாறையில் வழுக்கும், பழைய சப்பாத்து நல்லது. விடியக் கடையில் பணிஸ் வாங்கிக் கொள்ளுங்கள், அங்கே சாப்பிட ஒன்றும் கிடைக்காது. பன்னிரண்டில் உங்கள் இடத்தை விட்டுக்கொடுத்து வெளியே நிற்க வேண்டி வந்தால், மூஞ்சியை நீட்டிக்கொண்டு றோட்டைப் பார்க்காதீர்கள். கடலைப் பார்த்து நில்லுங்கள். மேலே வருகிறவர் உங்களைத்தான் கேட்பார்.