பெட்டிக்காரர் மனைவியின் காது

தாழ்ந்த சத்தத்துக்காகக் கார் டிக்கியில் வைக்கிற வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியையே பிழைப்பாகச் செய்பவருக்குப் பெட்டிக்காரர் என்றுதான் பெயர் வரும். வந்தது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை, உள்ளுக்குள் பெருமைதான். அவர் செய்த பெட்டியின் மூலையில் நகத்தை வைத்துத் தேடினாலும் ஓர் இடுக்கு அகப்படாது. முழங்காலை ஊன்றி டிக்கியை அளப்பார். ஸ்பீக்கரோடு வந்த தாளை இரண்டு தரம் படிப்பார். பலகையின் தடிமன் போக, ஸ்பீக்கரின் முதுகு அடைக்கிற இடம் போக, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் இடமும் போக, மிச்சம் எத்தனை லிட்டர் காற்று நிற்கும் என்று பென்சிலால் கணக்குப் போடுவார். பத்தாவதோடு படிப்பை விட்ட மனுஷன் போடுகிற கணக்கு அது. பக்கத்தில் நிற்பவர் அசந்துபோக வேண்டும் என்று வாய்விட்டே போடுவார்.

எல்லாம் அடங்கும், அந்தக் குழாய் மட்டும் கணக்குக்கு அடங்காது. ஸ்பீக்கரின் பின்பக்கத்துச் சத்தம் வீணாகாமல் வெளியே வருவதற்காகப் பெட்டியில் வைக்கிற குழாய். நீளம் கூடினால் சத்தம் சோம்பிக் கிடக்கும், குறைந்தால் காட்டுக்கத்தல் கத்தும். ஒவ்வொரு காருக்கும் ஒரு நீளம். அதனால் கணக்கில் வந்ததைவிட நாலு விரல் கூடுதலாக விட்டு, ஒட்டாமல் செருகி, பாட்டைப் போட்டுக் கேட்டு, உருவி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டிவிட்டால் தொலைந்தது, புதுக் குழாய்தான். இருபது வருஷமாக எங்கே நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், பெட்டிக்கு மேலே கார்ப்பெட் ஒட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மனைவி வந்து கை கொடுத்தாள். பசை தடவினாள், மூலை மடித்தாள், நன்றாகவே செய்தாள். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்து கையில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே, "ஏங்க, இது இழுத்து இழுத்துப் பேசுது. இன்னும் ரெண்டு விரல் வெட்டுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே வெட்டினார். சிரிப்பு அத்தோடு போயிற்று. சத்தம் நெஞ்சில் வந்து நின்றது.

அது குருட்டாம்போக்கில் சொன்னது என்று நிரூபித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. அடுத்த காரில், குழாயை உருவி எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய், ஒரு பழைய குழாய்த் துண்டைக் கர்கர் என்று அறுத்துச் சத்தம் காட்டிவிட்டு, அதே குழாயை அப்படியே செருகினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"அறுத்த சத்தம் கேட்டுச்சு. குழாய் அப்படியேதானே இருக்கு" என்றாள் அவள். கள்ளம் கபடமே இல்லாத முகம். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்களா! இரண்டே மாதத்தில் விஷயம் பரவிவிட்டது. வண்டியை எடுக்க வருகிறவன் பெட்டியைத் தடவிக்கூடப் பார்ப்பதில்லை. "அண்ணே, அக்கா கேட்டுட்டாங்களா?" என்பதுதான் முதல் பேச்சு. ராத்திரி பகலாக இழைத்தவன் நான், பின்சீட்டில் அரை நிமிஷம் உட்கார்ந்தவளுக்குப் பேரா என்று அவருக்கு வயிறு எரியும். சொந்தப் பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறோம் என்பது தெரியாத அளவுக்கு அவர் மக்கு இல்லை. தெரிந்தேதான் பொறாமைப்பட்டார்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். "நாள் முழுக்க அந்த மெஷின் கீச் கீச்சுனு காதைத் துளைக்குது. வீட்டுக்குப் போற வழியிலயாவது தாழ்ந்த சத்தமா நாலு பாட்டு கேக்கணும்" என்றார். நியாயமான ஆசை. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "அக்காவோட காதை நம்பித்தான் வந்திருக்கேன்" என்று பெட்டிக்காரரிடமே சொன்னார். அவருடைய முகம் சுண்டிப் போனது.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அந்த வாரம் மனைவி தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கைக்குப் பிரசவம், எட்டு நாள். பெட்டிக்காரர் கணக்கை மூன்று தரம் போட்டார். பலகையை இழைத்து, திருகி, உள்மூலை எல்லாம் பசை பூசி முடித்தார். குழாயை நாலு விரல் கூடவிட்டு அறுத்தார். செருகினார், கேட்டார், ஒரு விரல் வெட்டினார், மறுபடி கேட்டார். இருபது வருஷம் மரம் அறுக்கிற மெஷின் பக்கத்தில் நின்ற காது. அதற்குச் சரி என்று பட்டது. சரி என்று பட வேண்டும் என்று அவர் துடித்ததும் நிஜம். முடிவான நீளத்தை வழக்கம்போல் குழாயின் உள்முனையில் பென்சிலால் எழுதி, சிலிகான் பசையால் ஒட்டி, கார்ப்பெட்டையும் தானே போர்த்தி முடித்துவிட்டார்.

"அக்கா கேட்டுட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"கேட்டாச்சு" என்றார் இவர், கண்ணைப் பார்க்காமல்.

மனைவி திரும்பிவந்த மறுநாள் டாக்டர் அந்தப் பக்கமாகப் போனவர் வண்டியை நிறுத்தினார். அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெட்டிக்காரர் கையில் இருந்த உளியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டு பாதி ஓடியது. அவள் இறங்கி, "நல்லா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து பெட்டிக்காரரைப் பிடிக்க முடியவில்லை. வேலை செய்துகொண்டே பாடினார். மச்சானுக்கு வேண்டுமென்றே போன் போட்டு, "உங்க அக்கா வாயாலயே நல்லா இருக்குன்னு சொல்லிட்டா" என்றார். இரண்டு வாரம் அவர் வயிறு குளிர்ந்து கிடந்தது.

ஒரு மத்தியானம் மடிப்புக்குள் திணிக்க கார்ப்பெட் துண்டு தேவைப்பட்டது. மேஜைக்கு அடியில் மனைவி வெட்டுமிச்சம் போடுகிற சாக்கைக் கவிழ்த்தார். துண்டுகளுக்கு நடுவே ஒரு வளையம் உருண்டு வந்தது. இரண்டு விரல் அகலக் குழாய் வளையம். ஒரு பக்கம் அவர் வெட்டு, நூல் பிடித்தாற்போல் நேர். மறுபக்கம் கோணல்மாணல், ஹாக்ஸா ரம்பம் நாலு இடத்தில் சறுக்கியிருந்தது. உள்ளே அவர் கையெழுத்தில் டாக்டர் காரின் குழாய்க்கு எழுதிய நீளம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பலகை வாங்க வெளியே போன நாளில் அவள் டாக்டரை வரவழைத்து வெட்டியிருக்க வேண்டும். முதலில் கோபம்தான் வந்தது. என் பெட்டியில் கை வைக்க இவள் யார்? பிறகு அந்த "நல்லா இருக்கு" ஞாபகத்துக்கு வந்தது. சத்த விஷயத்தில் முகத்துக்கு நேரே சொல்கிறவள். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்த்ததில்லை. அவளே பொய் சொல்லுகிற அளவுக்கு நாம் ஆகிவிட்டோமா என்று அவருக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் எரிந்த வயிற்றைவிட இது கனமாக இருந்தது.

வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ஒரு வாடகைக் காருக்குப் பெட்டி முடிந்தது. குழாயைச் செருகிவிட்டு, "வந்து உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கிப் பத்து நொடிகூட ஆகவில்லை.

"நல்லா இருக்குங்க."

பாட்டை நிறுத்தினார். வளையத்தை எடுத்து அவள் பக்கத்தில் சீட்டில் வைத்தார்.

"டாக்டர்கிட்ட என்ன சொல்லி வரவழைச்ச?"

அவள் வளையத்தைக் கையில் எடுத்தாள். "கார்ப்பெட் மூலை பிரியுது, நான்தான் சரியா ஒட்டலைன்னு சொன்னேன்."

"அது நான் ஒட்டினது."

"அவருக்கு அது தெரியாதே. கார்ப்பெட்னா நான்தான். ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டு, சிலிகானைக் கீறி, குழாயை உருவி வெட்டினேன். உங்க பேரு வெளிய வரலங்க."

"பெட்டி தப்புன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"பெட்டியில என்ன தப்பு?" அவளுக்கே கோபம் வந்துவிட்டது. "உள்ள கை விட்டுப் பாத்தேன். மூலைக்கு மூலை பசை, ஒரு இடுக்கு இல்ல. இந்த மாதிரி ஒரு பெட்டியை யாரு செய்வா? குழாய் ரெண்டு விரல் கூட. அவ்வளவுதான்."

இருபது வருஷமாக யாரும் அவர் பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்ததில்லை. பெட்டிக்காரர் பாட்டை மறுபடி போட்டார், முதலிலிருந்து.

"இதுல எவ்வளவு?"

"வேண்டாம். கோவிச்சுக்குவீங்க."

"கோவிச்சுக்கத்தான் செய்வேன். நீ சொல்லு."

இந்தத் தடவை அவள் அரை நிமிஷம் கேட்டாள். "ஒன்றரை விரல்" என்றாள்.

அவருக்கு ஒரு விரல்கூட வெட்டத் தேவையில்லை என்று பட்டிருந்தது. சுள்ளென்று கோபம் வந்தது. இறங்கிப் போய்க் குழாயை உருவி, ஒன்றரை விரலுக்குக் கோடு போட்டார்.