ஓரக்கண்ணில் தெரிந்த துடிப்பு

கணவர் இறந்தபின் பெருங்களத்தூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து, அச்சகத்துக்காகக் கம்ப்யூட்டரில் டைப் செய்து கொடுத்துவந்தேன். ஓயாத தலைவலி, கண்ணில் நீர் வடியும். அழுது அழுதுதான் இப்படி என்று நானே முடிவுகட்டி, மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பிரிண்டரைப் பழுதுபார்க்க வந்தவர் என் நாற்காலியருகே நின்றதும், "என்னக்கா, ஸ்கிரீன் இப்படித் துடிக்குது! நேரா பார்க்கிறவங்களுக்குத் தெரியாது, ஓரக்கண்ணுலதான் தெரியும்" என்றார். திரை நொடிக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்ற ரெஃப்ரெஷ் ரேட் அறுபதாக இருந்ததை, அந்தப் பழைய டியூப் மானிட்டர் தாங்கும் எண்பத்தைந்துக்கு மாற்றினார். இரண்டே நாளில் தலைவலி விட்டது.

அத்தனை மாதமும் என் பக்கத்தில் வந்து நிற்க ஆளில்லை.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் போட்டதும் எழுந்து, என் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நானே நின்று பார்க்கிறேன்.