உப்பில்லாப் பத்தியமும் நான் மறைத்த ரிப்போர்ட்டும்

அக்காவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பாராட்டிப் பலர் எழுதித் தந்திருக்கிறார்கள். நான் எழுதுவது பாராட்டு இல்லை. தயவுசெய்து இதை முழுவதும் படித்துவிட்டுப் பந்திக்குப் போங்கள்.

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளி வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அப்பா பாத்தியில் உப்பு வாரினார், அம்மா கூடையில் சுமந்தார். அப்பா காலமானபோது அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லீவு நாட்களில் அப்பா நின்ற அதே பாத்தியில் கூலிக்கு நின்று படிப்பை முடித்தார். காலில் வெடிப்போடுதான் அரசுப் பள்ளிக்கு உயிரியல் ஆசிரியையாகப் போனார்.

நான் படிப்பை விட்டு உப்பளத்துக்குப் போனவன். செல் பாடம் வரும்போதெல்லாம் என்னிடம் ஒரு பாட்டில் பாத்தித் தண்ணீர் கேட்பார். வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதன்மேல் அந்தத் தண்ணீரைச் சொட்டுவார். கட்டம் கட்டமாகத் தெரியும் செல்கள் ஒவ்வொன்றும் உள்ளே சுருங்கிப்போகும். நல்ல தண்ணீர் விட்டால் மறுபடி உப்பும். ஒருமுறை என்னையும் பார்க்க வைத்தார். நான் கிண்டல் செய்தேன்.

"செல் தியரி, செல் தியரின்றியே, தியரின்னா சும்மா யூகம்தானேக்கா?"

"யூகம் இல்லடா. உயிருள்ளது எல்லாம் செல்லால ஆனது, செல்லுலேர்ந்துதான் செல் வரும்னு சொன்னாங்க. இத பொய்யாக்க எத்தினியோ பேரு பாத்துட்டாங்க, முடியல. அதான் நிக்குது. நாளைக்கி ஒருத்தன் சரியா பொய்யாக்கிக் காட்டிட்டான்னா நானே மாத்திச் சொல்லித் தருவேன்."

"அப்ப நிச்சயம் இல்லன்னு சொல்லு."

"தோக்கறதுக்கு ரெடியா இருக்குதுன்னு சொல்றேன். எந்தக் காலத்துலயும் தோக்கவே மாட்டேன்னு சொல்றவனதாண்டா நம்பக் கூடாது."

எனக்கு அன்று அது பெரிதாகப் படவில்லை.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் தங்கியிருந்த குப்பத்து மக்களுக்குச் சமைத்துப்போட்டு அலைந்தார் அக்கா. அதன்பின் வந்த சோர்வை அலைச்சல் என்றே நினைத்தோம். சில மாதங்களில் உடம்பெல்லாம் நீலத் திட்டு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அக்கா அழவில்லை. "எலும்புக்குள்ள ஒரு செல்லு தப்பாப் பொறந்துடுச்சி. அது தன்ன மாதிரியே பெத்துக்கினே போவுது" என்று அம்மாவுக்கு விளக்கினார்.

முதல் கட்ட மருந்தில் கெட்ட செல்கள் மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவுக்குக் குறைந்தன. இன்னும் பல மாதம் மருந்து தொடர வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி குடிக்கவே அக்கா துடித்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லி ஒரு நாட்டு வைத்தியரிடம் போனேன். ஒரு மண்டலம் சூரணம், உப்பில்லாப் பத்தியம், ஆஸ்பத்திரி மருந்து தொடவே கூடாது என்றார். காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். வராவிட்டாலும் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தமாம்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அம்மாவும் காலைப் பிடித்துக் கதறினோம். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி. ஆனா இருவதாம் நாள் ரத்தம் டெஸ்ட் பண்ணணும். கெட்ட செல்லு தெரிஞ்சுதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி. இத இப்பவே எழுது. அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்குப் பின்னால் உப்பு குவிந்து கிடக்க, அம்மா உப்புப் போடாத கஞ்சியைத் தினமும் அக்காவுக்கு ஊட்டினார்.

இருபதாம் நாள் திண்டிவனத்து லேபில் ரிப்போர்ட்டை வாங்கியவன் நான். கெட்ட செல்கள் திரும்பி வந்திருந்தன. நேராக வைத்தியரிடம் ஓடினேன். "உள்ள இருக்குற விஷம் வெளிய வருது. நல்ல அறிகுறி" என்றார். நம்பினேன். நம்பியே ஆக வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து, "எல்லாம் நார்மல்க்கா" என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, உப்பில்லாத கஞ்சியை வாங்கிக் குடித்தார்.

முப்பத்துமூன்றாம் நாள் ஈறிலிருந்து இரத்தம் நிற்காமல் வந்தது. "ரிப்போர்ட்டக் காட்டுடா" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "பொய்யின்னு தெரிஞ்சா விட்டுடலாம்னுதான எழுதி வெச்சோம்? ஏண்டா இப்படிப் பண்ண?" என்று கேட்டார்.

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மருந்துக்கு நோய் கேட்கவில்லை. மூன்று வாரம்தான் இருந்தார். விடாமல் தொடர்ந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு இருந்தது என்றார். அந்த வாய்ப்பை எரித்தவன் நான். ஒரு வருடமாக எனக்குத் தூக்கம் இல்லை. இனியும் வரப்போவதில்லை.

கடைசி நாட்களில் இரத்தம் கொடுத்த உப்பளத் தோழர்களுக்கும், செய்தி கேட்டதும் வேன் பிடித்து வந்த கூனிமேட்டு பாய்மார்களுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும் நன்றி. உங்கள் உடம்பில் பிறந்த செல்கள்தான் அக்காவைக் கடைசிவரை தாங்கின. அக்காவோடு சேர்ந்து அவையும் எரிந்தன. கூடப்பிறந்த நான் கொடுத்தது பொய் மட்டும்தான்.

பெருமுக்கல் சித்தப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்குப் புதுச்சேரியில் ஆரம்பித்த புற்றுநோய்ச் சிகிச்சையை நிறுத்திவிட்டு, அதே வைத்தியரிடம் பத்தியம் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் அக்காவைக் கொன்றது ஆஸ்பத்திரி மருந்துதான் என்று நீங்கள் சொல்லி வருகிறீர்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தானே அப்படி நினைக்கிறீர்கள்? அக்காவும் நானும் கையெழுத்துப் போட்ட தாளையும் நான் மறைத்த ரிப்போர்ட்டையும் இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிறேன். தேதிகளைப் பாருங்கள்.

இன்றைய படையல் சாப்பாட்டில் அம்மா உப்புப் போட்டுத்தான் சமைத்திருக்கிறார். சித்தப்பா, பாப்பாவை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவள் கை கழுவி வரும்போது, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் கார் நிற்கும். நானும் கூட வருகிறேன்.