முகப்பில் ஏறி உட்கார்ந்த சனியன்

தெருவில் அவருக்குப் பெயரே செக்கர்தான். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டிய மனுஷன். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று அழுதவர்கள், காற்றில் பறந்துவிட்டது என்று சத்தியம் செய்தவர்கள், ஒருவரைக்கூட அவர் நம்பியதில்லை. "எங்க ஏறின?" என்பதுதான் முதல் கேள்வி. ஏறின இடம் தெரிந்துவிட்டால் பொய் தானாக இறங்கிவிடும் என்பார். ஊரில் பாதிப்பேர் அவரைச் சபித்திருக்கிறார்கள். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார். தங்கமான மனுஷன் என்றெல்லாம் சொல்ல முடியாது, சரியான சிடுமூஞ்சி. மனைவி இருந்த காலத்தில் அந்த அம்மாளே வாரத்தில் நாலு நாள் அவரோடு பேசமாட்டாள்.

அப்பேர்ப்பட்டவர் பேத்தியிடம் மட்டும் அசடாகிப்போனார். பத்து வயதுப் பெண். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை, கூடத்து மூலையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டரில் இருவரும் செஸ் ஆடுவார்கள், சண்டை போடுவார்கள். "தாத்தா, நீங்க சுத்த மக்கு!" என்பாள் அவள். வேறு எவன் சொல்லியிருந்தாலும் சட்டையைப் பிடித்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்துமூன்று மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதில்தான் மண் விழுந்தது. ஒரு நாள் காலையில், இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் மருமகள் இணையத்தைத் திறந்தாள். வழக்கமாக வரும் செய்திப் பக்கத்தைக் காணோம். அரைகுறை உடையில் நாலு பெண்கள் கண்ணடித்தார்கள். நடுவில் ஒரு சூதாட்டச் சக்கரம் சுற்றியது. பின்னாலேயே பேத்தி பல் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து கடைசியா இதுல உக்காந்தது யாரு?" கேள்வி பொதுவாகத்தான் வந்தது, பார்வை மட்டும் மாமனார் மேல்.

"நான்தான். அதுக்கென்ன?"

"என்ன வருதுன்னு நீங்களே பாருங்க."

"கருமம்! இதெல்லாம் நான் பாக்கலம்மா. தானா வந்திருக்கு."

"தானா எப்படி வரும் மாமா? எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

ஆயிரம் பேரிடம் அவரே சொன்ன வசனம். மகனைப் பார்த்தார். அவன் குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "விடு, வயசானவரு. தெரியாம எதையாவது அமுக்கியிருப்பாரு," என்றான். இது ஆதரவா, இல்லை சேற்றை வாரி இறைப்பதா?

அன்றிலிருந்து பேத்தி ஐந்து மணிக்கு அடுத்த தெரு டியூஷனுக்குப் போனாள். காரணம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே அவர் அறை வாசலில் நின்று, "தாத்தா, நீங்க என்ன தப்பு பண்ணீங்க? அம்மா உங்ககூட உக்காரக் கூடாதுன்னுட்டாங்க," என்றாள். கேட்டுவிட்டு டியூஷனுக்குப் போய்விட்டாள்.

அவர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார். அமைப்புகளுக்குள் போய் முகப்புப் பக்கத்தை மாற்றுவார், பழைய செய்திப் பக்கம் வரும். மறுநாள் காலையில் பார்த்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில். அதே நாலு பேர், அதே கண்ணடிப்பு. "இன்னிக்குமா மாமா?" என்பாள் மருமகள். அவர் திரையைப் பார்த்துத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

ஆறு நாள் இப்படியே தலையால் தண்ணீர் குடித்தார். ஏழாம் நாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோதுதான் புத்தி வந்தது. இறங்கு இறங்கு என்று கத்திக்கொண்டே இருக்கிறோமே, இது எங்கே ஏறியது என்று ஒரு தடவையாவது கேட்டோமா? கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினார். இலவச வீடியோ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்று கமுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஏறியது பதினாலாம் தேதி, மாலை ஆறரை. சில சனியன்கள் ஏறிய அன்றே வாலாட்டாது, பத்து நாள் பதுங்கியிருந்துதான் வேலையைக் காட்டும். இறக்கிய கோப்புகளைப் பார்த்தார். அதே நேரத்தில் ஒரு புதுப்படம், திருட்டுப் பிரதி. அதோடு ஒட்டிக்கொண்டுதான் இது ஏறியிருக்கிறது.

பதினாலாம் தேதி அவர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே இருந்த இரண்டு நாளும் மருமகள் கட்டில் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். பேத்தி அத்தை வீட்டில். வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

அவர் அதை அழிக்கவில்லை. சாட்சியை எவனாவது அழிப்பானா?

சாயங்காலம் மகன் வந்து பையை வைக்கக்கூட விடவில்லை. "பதினாலாம் தேதி என்னடா படம் பாத்த?"

அவன் முகம் செத்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாதீங்கப்பா," என்றான்.

"இது உன் வேலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமாடா வாய மூடிக்கிட்டு இருந்த?"

"நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் வீட்ல படம் பாத்தேன்னு தெரிஞ்சா அவ சும்மா விடுவாளா? உங்களுக்கு வயசாயிடுச்சு, உங்க மேலன்னா அவ நாலு நாள் மொனகிட்டு மறந்துடுவா. நான் அவகூட இன்னும் முப்பது வருஷம் ஓட்டணும்பா."

"அப்ப நான் எத்தன வருஷம்டா ஓட்டணும்?"

மகன் பையைக் கீழே வைத்தான்.

"மருமகளே, இங்க வாம்மா!" என்று குரல் கொடுத்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ்," என்றான். கையை உதறிவிட்டு இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் திரையில் தேதியைக் காட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "அன்னிக்கு ஆபீஸ்ல ஆடிட், வர முடியலன்னு சொன்னீங்களே."

அது செக்கருக்கும் புதுச் செய்தி. ஆடிட் என்று நம்பித்தான், மகன் எட்டிக்கூடப் பார்க்காததை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"மாமா, நான் வந்து..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். பாப்பாகிட்ட சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? இவரு சொல்லட்டும்," என்றவள், உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

பேத்தி பென்சிலும் கையுமாக வந்து நின்று மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகன் தரையைப் பார்த்தான். தாத்தா மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பு செய்தது நான்தான் என்று அவன் தன் வாயால் சொல்லி முடிக்கும் வரை செக்கர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.