தேதிக்கு அடியில் வாட்ச்மேன்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் படம் போடுகிறவன் நான். லட்சுமி, முருகன், லட்டு தின்னும் குழந்தை எல்லாம் தூக்கத்தில்கூட வரும். உயிரோடு இருக்கிற மனிதரைப் பார்த்து வரைவதுதான் வராது. அந்தக் குறையைத் தீர்க்க, சனிக்கிழமைகளில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, விருதுநகரில் நான் படித்த பழைய கல்லூரிக்குப் போய் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன்.

கல் கட்டடம் சொன்னபடி கேட்டது. மனிதர்கள்தான் காலை வாரினார்கள். பொருளாதாரப் பேராசிரியரை வரைந்தால் முருகனாகி நின்றார். மயில் ஒன்றுதான் பாக்கி. இன்னொரு வியாதியும் இருந்தது. எந்தப் படமானாலும் என் கை கீழே கால்வாசியைக் காலியாக விட்டுவிடும். காலண்டரில் தேதிக் கட்டு வருகிற இடம் அது. அதனால் தூண்களெல்லாம் அந்தரத்தில் தொங்கின.

கேட் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

“படியெல்லாம் எங்கன போச்சு தம்பி?”

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். போகாமல் நின்றார்.

“அந்தப் படியில என்னய ஒக்கார வச்சு வரைஞ்சிருங்களேன். வருசா வருசம் எல்லாரும் இங்கன நின்னு குரூப் போட்டோ எடுக்குறாக. பெஞ்சு தூக்கிப் போடுறது நான்தான். ஒண்ணுலயும் நான் இல்ல.”

அவருக்காகவே கையை அடக்கினேன். கட்டடத்தை மேலே ஏற்றி, கீழே படிகள் போட்டு, நடுவில் அவரை உட்கார வைத்தேன். மீசை அவர் மீசையாகவே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி அலுவலகத்திலும் படம் பிடித்துப்போய், புது வருஷக் காலண்டருக்கு எங்கள் அச்சகத்துக்கே ஆர்டர் கொடுத்தார்கள்.

“ஊர் பூரா இனி உங்க மொகம்தான் அண்ணாச்சி” என்று வாட்ச்மேனிடம் அளந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் காலண்டர் போட்டவனுக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். சீசன் நெருக்கடியில் லோடு ஏறும்போதுதான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கட்டடம் இருந்தது. வாட்ச்மேன் இருந்த இடத்தில் ஜனவரி ஒன்று இருந்தது.

ஒரு காலண்டரைக் கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நீட்டினேன்.

“டிசம்பர் கடைசியில தெரிவீக அண்ணாச்சி” என்று உளறினேன்.

அவர் தேதிக் கட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு கட்டை அப்படியே பிய்த்து எடுத்தார்.

“நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் அதுலதான இருக்கு!” என்று பதறினேன்.

“கேட்டத் தொறக்க ராகுகாலம் பாக்க முடியுமாக்கும்? இந்தாங்க, இத நீங்க கொண்டு போங்க.”

மீசையில் பின் குத்திய ஓட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, அட்டையைக் கேட் ரூம் ஆணியில் மாட்டினார். ஒரு வருஷத்துத் தேதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பின்னால், போகிற மாணவர்களை நிறுத்தி அவர் சொல்வது கேட்டது.

“ஏலே, இங்கன பாருங்கலே. இது நான்தாம்லே!”