எடைக்கு எடை வெல்லம்

மலைக்கோயில் அடிவாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து வந்துவிட்டேன். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்து, தோளில் உதிர்ந்துகொண்டிருந்தது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. எதிரே கோயிலுக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்து ‘கோவிந்தா’ என்றார்கள். நானும் ‘கோவிந்தா’ என்றேன். வீட்டைவிட்டு ஓடுகிற பையன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மொட்டையும் சந்தனமுமாக இருக்கிற குண்டுப் பையன் எங்கே ஓடிவிடப் போகிறான்?

எனக்கு அப்போது பதினொரு வயது. எடை ஐம்பத்து நான்கு கிலோ. ஐம்பது கிலோவாக இருந்திருந்தால் அன்று வீட்டுக்குப் போயிருப்பேன்.

நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவன். என்னை எடை போட்ட நர்ஸ், முள் நகர்கிறதா என்று தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். பிள்ளை பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக அப்பா மலை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு நேர்ந்துகொண்டார். அன்றைக்கே கொடுத்திருந்தால் இரண்டு கிலோவோடு முடிந்திருக்கும். ஒரு மஞ்சள் பையில் கொண்டு போயிருக்கலாம். ஆனால் தலை நிற்கட்டும் என்றார்கள், பிறகு நடக்கட்டும் என்றார்கள். கொஞ்சம் சதை பிடிக்கட்டும், சாமிக்குக் கொடுப்பது நிறைவாக இருக்கட்டும் என்று சொன்னது அம்மாதான். அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. நான் வளர வளர வெல்லமும் வளர்ந்தது.

அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கொட்டகையில் அடுப்பு வேலை பார்த்தார். காலையிலிருந்து விறகுத் தீக்கு முன்னால் நின்று பாலைக் கிண்ட வேண்டும். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிச் சட்டியை இறக்கியதும் அடியிலும் விளிம்பிலும் பிடித்திருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். சிவந்து, கொஞ்சம் தீய்ந்து, கட்டி கட்டியாக இருக்கும். விலைக்குப் போகாது. கிண்டியவருக்குத்தான் அது. அப்பா அந்தச் சுரண்டலைத் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அம்மாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் வேன் ஏறினால் திரும்புவதற்கு இரவு பதினொன்றாகும். காலையில் வடிக்கிற சோறு இரண்டு பேருடைய தூக்குவாளிக்கும் சரியாக இருக்கும். எனக்கு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு. சாயங்காலம் வந்து சட்டியைத் திறந்தால் சட்டிதான் இருக்கும். முந்தின நாள் சுரண்டலை ஒரு பன்னுக்குள் வைத்துத் தின்பேன். இரவிலும் அதுதான். பால்கோவா தின்று பசியாறுகிற வீடு என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள்? தெருவில் எங்களை வாய் ருசிக்குச் செத்தவர்கள் என்றே நினைத்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை. இல்லாதவர்கள் என்று சொல்வதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

அந்த வருடம் அம்மாவின் வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. எட்டு மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்கிற கால். கொப்புளம் உடைந்து புண்ணாகி, மூன்று மாதமாகியும் ஆறவில்லை. அவள் நொண்டுவதை மில்லில் பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம், அதற்கப்புறம் நிற்க முடிந்த ஆளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சாமிக்குச் சொன்னதைச் செய்யாத வீட்டில் கால் எப்படி ஆறும் என்று அம்மா கேட்டாள். அந்தப் புரட்டாசிக்குள் வெல்லம் போயாக வேண்டும் என்று முடிவாயிற்று.

வெல்லத்துக்கு வழி செய்தவர் தாய்மாமன். பட்டாளத்தில் இருந்து வந்தபின் ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். அவருக்கும் வயிறு இருந்தது. அது உட்கார்ந்து வந்த வயிறு, என்னுடையது தின்று வந்த வயிறு என்று அவர் வித்தியாசம் சொல்வார். கூமாப்பட்டியில் கரும்பு போட்டிருந்த பழைய பட்டாளத்து நண்பர் ஒருவரிடம் சொல்லி ஒரு மூட்டை வெல்லம் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பது கிலோ. இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கக் கூடாதா என்றாள் அம்மா.

“ஒரு மூட்ட கேட்டதுக்கே கூசிப் போச்சு. இனி நான் கேக்க மாட்டேன். இந்தப் பய வாயக் கட்டட்டும்.”

மூட்டையைக் கூட்ட முடியாது, பையனைக் குறைக்கலாம். அதற்கு நாற்பது நாள் இருந்தது.

மறுநாள் காலையில் மாமா என்னைப் பழைய இரும்புக் கடைக்குக் கூட்டிப் போனார். தெருவில் பெரிய தராசு அங்கேதான் இருந்தது. ஐம்பத்தொன்பது கிலோ. கடைக்காரர் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, முழுசாத் தாரியளா, பிரிச்சுத் தாரியளா?”

அன்றிலிருந்து விடிந்தும் விடியாமலும் கண்மாய்க் கரை வரை ஓட்டம். நான் முன்னால் ஓடுவேன்; மாமா மொபெட்டில் பின்னால் வருவார். “ஏலே, வெரசா. ஆமைக்கு வழிவிட்டு நிக்கியா?” என்று ஹார்ன் அடிப்பார். திரும்பும்போது ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி அவர் வடை தின்பார். நான் நின்ற இடத்திலேயே குதிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். காலையில் ஆப்பிள், சாயங்காலம் வெள்ளரிக்காய், இரவில் சோறு கிடையாது, சப்பாத்தி இரண்டு. எங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் ஆப்பிள் வரும். சப்பாத்தி போட வேண்டியவள் அந்த நேரத்தில் மில்லில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருப்பாள். ஆகவே மாமா சொன்னதில் என்னால் ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடிந்தது ஒன்றுதான். இரவில் சோறு கிடையாது. அது முன்பும் கிடையாது.

“அந்தச் சுரண்டல இவன் கண்ணுல காட்டாதிய மச்சான்” என்று மாமா சொன்னபோது, “ஆமா, வாயக் கட்டாம ஒண்ணும் நடக்காது” என்று அப்பாவும் தலையாட்டினார். தூக்குவாளி காலியாக வரத் தொடங்கியது.

இரண்டாவது வாரம் ஐம்பத்தேழு. நான்காவது வாரம் ஐம்பத்து நான்கு. இரும்புக் கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். அம்மா இரவு வந்ததும் என்னைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு தன் காலைப் பார்ப்பாள். என் உடம்பில் ஒரு கிலோ இறங்கினால் அவள் காலில் அவ்வளவு ஆறும் என்று நான் நம்பினேன். அவளும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் கண் இருட்டி விழுந்தேன். வீட்டில் சொல்லவில்லை. யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கொட்டகையைத் தாண்டிப் போனபோது பின்வாசலில் நின்று கூப்பிட்டார். வாழையிலைத் துண்டில் சுருட்டி ஒன்றைக் கொடுத்தார். சூடாக இருந்தது.

“செத்தப்போலத் தின்னு. அம்மாட்டச் சொல்லாத.”

“மாமா வையுவாக.”

“அவிய கெடக்காவ. நீ தின்னு.”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மாவின் கால் எனக்கு ஞாபகம் இருந்தது. தின்றேன். மறுநாளும் கூப்பிட்டார். கூப்பிடாத நாளில் நானே போய்ப் பின்வாசலில் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தும் பாராதவர்போல உள்ளே போய், இலையோடு வருவார். காலையில் மாமாவின் ஹார்னுக்கு முன்னால் ஓடினேன், சாயங்காலம் பின்வாசலில் நின்றேன். ஐந்தாவது வாரமும் ஐம்பத்து நான்குதான். “தராசுல கோளாறு” என்றார் மாமா.

கடைசிச் சனிக்கிழமை நாங்கள் நாலு பேரும் மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் போனோம். மாமா முதலில் எனக்கு மொட்டை போட வைத்தார். முடிக்கும் எடை உண்டாம். சட்டையைக் கழற்றச் சொன்னார். அரைஞாண் கயிற்றையும் அறுத்து வாங்கிக்கொண்டார். என்னைத் துலாபாரத் தட்டில் தூக்கி வைத்துவிட்டுக் காதோடு, “மூச்ச இழுத்துப் பிடிலே, விடாத” என்றார்.

எதிர்த் தட்டில் மூட்டையை வைத்தார்கள். நான் இருந்த தட்டு தரையைவிட்டு எழவில்லை.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “தம்பி, அம்புட்டுக் காத்தையும் உள்ள வச்சுக்கிட்டா எப்பிடி, கொஞ்சம் வெளிய விடுப்பா” என்றார் ஒருவர். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: “தின்னக் குடுத்தே வளத்திருக்காக. நல்ல வசதியான வீடுபோல.”

அம்மா நொண்டிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். “என்னலே தின்ன? உள்ளதச் சொல்லு. யாரு குடுத்தா?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த மூட்டையின் கயிற்றை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

“யாரும் குடுக்கல. கொட்டகையில திருடித் தின்னேன்.”

“பாத்தியளா?” என்றார் மாமா, கூட்டத்தைப் பார்த்து. “நாப்பது நாளா நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன். வாயக் கட்ட மாட்டேன்னுட்டான்.” அப்பா நிமிரவில்லை.

தராசருகே நின்ற கோயில்கார வயசாளிக்கு வரிசையைப் பற்றிய கவலை. மூட்டை இருந்த தட்டின்மேல் கையை வைத்து மெதுவாக அழுத்தினார். என் தட்டு எழுந்தது, இரண்டும் சமமாயின. “கோவிந்தா” என்று அவர் சொல்ல, எல்லோரும் “கோவிந்தா” என்று கத்தினார்கள். அம்மாவின் வாயும் அசைந்தது. ஆனால் அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்றால் சாமியும் பார்த்திருக்கும்.

பிறகு அவள் படியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்தாள். மறுபடி கட்டிக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. மூன்று பேரும் பிரசாத வரிசைக்குப் போனபோது நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எடை போட ஆளே இல்லையென்றால் எடையில் குறை ஏது? நான் போய்விட்டால் கணக்கு தீர்ந்துவிடும், கால் ஆறிவிடும். இந்த யோசனையில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இருந்தது சர்க்கரை வியாதி. அதை அடுத்த வருடம் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அதற்குள் மில்லில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. மாத்திரையில் புண் ஆறியது. இவ்வளவு காலம் உடம்பைக் கவனிக்காமல் என்ன செய்தீர்கள் என்று அந்த டாக்டரும் கேட்டாராம்.

ராஜபாளையம் போகும் சாலையில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். “எங்க போற? ஏறு. டயரு தாங்குதான்னு பாப்பம்” என்றார். தாங்கியது. அம்மாவின் வேன் தினமும் போகிற ஊர் என்பதால் அந்தப் பெயரைத்தான் சொன்னேன். எனக்கு வேறு ஊர் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் படுத்திருக்கிறேன். அது ஒன்றும் மோசமில்லை.

காலையில் எதிரே இருந்த ஓட்டலில் போய் வேலை கேட்டேன். முதலாளி வயது கேட்டார். பதினைந்து என்றேன். என் உடம்பைப் பார்த்து நம்பினார், அல்லது நம்பியதாக வைத்துக்கொண்டார். இலை எடுக்க இருந்த பையனை உள்ளே அனுப்பிவிட்டு என்னை வாசலில் நிறுத்தினார்.

“இவன் நிக்கட்டும். அந்த நோஞ்சான் நின்னா, வாரவன் உள்ள சாப்பாடு சரியில்லன்னுல்லா நினைப்பான்.”

பதினொரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் வேலையாட்களை உட்கார வைத்தார்கள். சமையல்கார அக்கா எனக்கும் இலை போட்டாள். சோறு, பூசணிக்காய் சாம்பார், கீரை, மோர். தீர்ந்ததும் மறுபடி போட்டாள். மூன்றாவது முறை கரண்டியோடு வந்து, “வச்சுக்க ராசா, பொறவு மூணு மணிக்குத்தான்” என்றாள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு தின்கிறேன் என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். கவனிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தின்றேன்.