நட்ட நடுவில் ஒரு மைக்

போன சனிக்கிழமை எங்கள் சேலையூர் வீட்டில் ரெக்கார்டிங். வாசிப்பது என் மனைவி ஜெனிபர். மைக் பிடிப்பது நான்... வேறு யார் கிடைப்பார்கள்?

ஜெனி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எலெக்ட்ரிக் கிட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அவள் வாசித்து அனுப்ப வேண்டும். கொயர் மாஸ்டர் நயமாகத்தான் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள சரியா வரலைன்னா பரவாயில்ல சிஸ்டர், கீபோர்டுலயே கிட்டார் சவுண்டு போட்டுக்கலாம்."

பரவாயில்லையாம்! அவள் முகம் போன போக்கை நான்தானே பார்த்தேன்?

முதலில், பாடுவதற்கென்று வாங்கிய காஸ்ட்லி மைக்கை கிட்டார் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்தேன். அதற்குப் பாம்புக் காது. எதிர்வீட்டு குக்கர் விசில், தாம்பரம் பக்கம் இறங்கிய விமானம் என்று எல்லாமே பதிவானது. சரியென்று, மேடைப் பேச்சுக்குப் பிடிக்கும் சாதாரண மைக்குக்கு மாறினேன். டேப் வைத்து அளந்து, பெட்டியின் நட்ட நடுவில் நிறுத்தினேன்.

நடுவில் நிற்பதில் நான் கில்லாடி. அபார்ட்மென்ட்டில் பார்க்கிங் சண்டை என்றால் இரண்டு தரப்பும் என்னைத்தான் கூப்பிடும்.

ஜெனி வாசித்தாள். ஹெட்போனில் கேட்டால் ஒரே மந்தம். வால்யூமைக் கூட்டினோம். ஜன்னலுக்குப் போர்வை கட்டினோம். ம்ஹூம்...

"எப்படிங்க இருக்கு?"

"மோசம்னு சொல்ல முடியாது. பிரமாதம்னும்..."

அவள் கிட்டாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள். "என் கைதான் சரியில்ல போல. விட்ருங்க. கீபோர்டே இருக்கட்டும்."

மைக்கைக் கழற்றப் போனேன். போர்வை கட்டியதில் அறை இருட்டு. செல்போன் டார்ச்சை அடித்தேன் – பெட்டியின் முன்துணிக்குப் பின்னால், இடப்பக்கம் ஒரு வட்டம். வலப்பக்கம் இன்னொன்று. ஸ்பீக்கர் இரண்டு! நடுவில்? வெறும் பலகை.

இவ்வளவு நேரமும் நான் பலகையைத்தான் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஜெனி குனிந்து பார்த்தாள். "டேப் வேற வச்சு அளந்தீங்களே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சே வந்தது.

மைக்கை இடப்பக்க ஸ்பீக்கருக்கு நகர்த்தினேன். வட்டத்தின் மையத்துக்கு நேரே வைத்தால் ஒலி சுரீரென்று குத்தியது. விளிம்புப் பக்கம் தள்ளினால் இதமாக இருந்தது.

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டுமே..." என்று ஆரம்பித்தவன், நிறுத்திக்கொண்டேன். "ஓரம்தான் ஜெனி. இப்பதான் உன் வாசிப்பு கேக்குது."

மறுபடி வாசித்து அனுப்பினாள். காபி ஆறுவதற்குள் பதில் வந்தது: "கிட்டார் இருக்கட்டும் சிஸ்டர்."

நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும் என்று யார் சொன்னது?

மறுநாள் காலை அபார்ட்மென்ட் செகரெட்டரி போன் செய்தார். "சார், மறுபடியும் பார்க்கிங் தகராறு. நீங்க வந்து நடுவுல நின்னீங்கன்னா..."

வருகிறேன் என்றேன். ஆனால் இந்த முறை, முதலில் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருவதாக உத்தேசம்.